நான்காம் அத்தியாயம்: தகடு மாற்றும் வேலை

திருச்சிராப்பள்ளியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கொதிகலன் உறுப்புகள் செய்யும் பட்டறைகளில் கை பழகி, கிடந்த தகட்டிலும் நின்ற தகட்டிலும் தலைக்கு மேலுள்ள தகட்டிலும் ஒரே சீராகப் பற்றவைக்கத் தெரிந்து, 3ஜி, 4ஜி பரீட்சைகளிலும் தேறி, சிங்கப்பூரில் துவாஸ் பக்கத்திலோ செம்பவாங்கிலோ ஒரு கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வந்து சேருகிற இளைஞருக்கு முதல் வாரத்திலேயே ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். காலையில் மற்றவர்களோடு கப்பலேறிய அவர், மிஷின் தயார், கேபிள் தயார், ராடு தயார் என்று சகலமும் தயாரான பிறகும், பெர்மிட் வரவில்லை என்ற ஒரே காரணத்தால் மேல்தளத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருக்க நேரும். இவ்வளவு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு வீணே பொழுதைப் போக்குகிறார்களே என்று அவர் அலுத்துக்கொண்டால் அதில் அதிசயமில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பை வேலைக்கு முன்னால் வருகிற வெறும் சடங்கென்று எண்ணாமல், வேலையின் முதற்பாகமே அதுதான் என்று அவர் உணரும்படி செய்வதே இந்த அத்தியாயத்தின் பிரதான நோக்கம்.

பட்டறைக்கு வரும் இரும்பு புத்தம் புதியது. அதன் இரு பக்கமும் நம் கண்ணுக்குத் தெரியும். பத்திருபது வருஷம் கடலில் உழைத்த கப்பலின் தகடோ, நாம் பார்க்கிற பக்கம் ஒன்றும் பார்க்காத பக்கம் ஒன்றுமாக நிற்பது. பார்க்காத பக்கத்தில் எண்ணெய் டேங்க் இருக்கலாம்; பாலாஸ்ட் டேங்கின் சேறு படிந்திருக்கலாம்; குளிர்சாதன அறையின் நுரைப்பஞ்சு இருக்கலாம்; மின்சாரக் கேபிள்கள் கற்றையாக ஓடலாம்; வேறொரு காண்டிராக்டரின் ஆட்கள் அங்கே பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கலாம். ஆகையால் பழுதுவேலைக்கு வந்தவர், தம் கைத்திறனுக்கும் மேலாக, மறுபுறத்தை அறிந்த பின்னரே தீ மூட்டுவது என்ற ஒரு விதியை மனத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். கடலரிப்பால் மெலிந்துபோன புறத்தகடு ஒன்றை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைக்கும் வேலையை உதாரணமாகக் கொண்டு, அந்த விதி படிக்குப்படி எப்படி நடத்தப்படுகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

1. பெர்மிட் என்னும் அனுமதிச் சீட்டு

1978ஆம் வருஷம் அக்டோபர் 12ஆம் தேதி, ஜூரோங்கில் பழுதுபார்ப்புக்கு நின்றிருந்த ‘ஸ்பைரோஸ்’ என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பலில், மதிய உணவு முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிய சிறிது நேரத்துக்கெல்லாம் பெரும் வெடிவிபத்து நேர்ந்து 76 பேர் மாண்டார்கள். கப்பலின் சொந்த எரிபொருள் இருந்த டேங்கில், எளிதில் ஆவியாகும் கச்சா எண்ணெய் கலந்துபோயிருந்ததென்றும், அதன் ஆவியை வெட்டும் டார்ச்சின் பொறி பற்றவைத்ததென்றும் பிற்பாடு நடந்த விசாரணையில் தெரியவந்தது. சாதாரண எரிபொருள்தானே, அவ்வளவு லேசில் தீப்பிடிக்காதே என்று எவரும் நம்பக்கூடிய டேங்க் அது. டேங்கின் பெயர்ப்பலகையை நம்புவதற்கும், அதன் உள்ளிருக்கும் காற்றை அளந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் எத்தனை உயிர்களின் பெறுமானம் என்பதைச் சிங்கப்பூர் அன்று கண்டது.

இன்று அங்கே நடைமுறையில் உள்ள, கப்பல் கட்டுதல், பழுதுபார்த்தல் பற்றிய 2008ஆம் வருஷத்து விதிகளின்படி, அபாயமுள்ள இடங்களில் தீவேலை செய்வதற்கு எழுத்து மூலமான பெர்மிட் வேண்டும். அதைப் பெற்றுத்தருவது சூப்பர்வைசரின் பொறுப்பு; படித்துப் பார்ப்பது நம் பொறுப்பு. ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாமல், அதில் நான்கு விஷயங்களை மட்டுமாவது தேடிக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும்: எந்த இடம், எந்த மணி முதல் எந்த மணி வரை, வாயு அளவு எப்போது எடுக்கப்பட்டது, பக்கத்து அறைகளின் நிலை என்ன. பிரேம் எண் 84க்கும் 86க்கும் இடையே என்று பெர்மிட்டில் கண்டிருக்க, நாம் 88இல் தீ மூட்டினால், அது பெர்மிட் இல்லாத வேலையே.

மறுபுறத்தில் தீக்காவல் நிற்கும் ஆள்தான் நம்முடைய இரண்டாவது கண். பயர் வாட்ச் என்று எல்லோரும் அழைக்கிற இவரை, சும்மா நிற்கிறவர் என்று ஏளனமாக நினைக்கலாகாது. வெளியே நாம் ஒரு ரன் போடும்போது, உள்ளே அவர் பார்க்கும் பக்கத்தில், நம் ராடு செல்லும் கோட்டிலேயே பெயின்ட் முதலில் பழுப்பேறி, பிறகு சிறு சிறு கொப்புளமாக எழும்பி, கருகி, புகைவிட்டு, கடைசியில் உதிர்ந்து விழுகிறது. அப்படி விழுகிற இடத்தில் எண்ணெய் நனைந்த கந்தலொன்று கிடந்தால் மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்த பின்னும் குறைந்தது 30 நிமிஷம் அவர் அங்கே இருக்க வேண்டும்; அவர் நிற்கும் வரையில் நம் வேலையும் முடிந்ததாக ஆகாது.

2. அடைபட்ட இடத்துக் காற்று

டேங்கினுள் இறங்குமுன் மூன்று அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். காற்றில் பிராணவாயு இயல்பாக 20.9 சதவீதம் உள்ளது, அது 19.5க்குக் கீழே இறங்கினாலும் 23.5க்கு மேலே ஏறினாலும் உள்ளே போகக்கூடாது. எரியக்கூடிய வாயு, அதன் கீழ் வெடிப்பெல்லையில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால்தான் ஆள் இறங்கலாம். தீவேலை என்றால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். மூன்றாவது, விஷவாயு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, சேறு நிறைந்த டேங்குகளில் உண்டாவது; அது கொஞ்சமாக இருக்கும்போது நாறும்; பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று எண்ணுகிறவர் அந்தச் சமயத்தில்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்.

வெகுநாள் மூடிக்கிடந்த வெற்று டேங்கில் எண்ணெயுமில்லை, சேறுமில்லை, என்ன வந்துவிடும் என்று கேட்பவர் உண்டு. துருப்பிடித்தல் என்பதே இரும்பு பிராணவாயுவை உண்ணுவதுதான். ஆகவே ஒன்றுமில்லாத டேங்கினுள் மூச்சுக்கும் ஒன்றுமில்லாமல் போகலாம். இது போதாதென்று, நாமே உள்ளே கொண்டுபோகிற வாயுக்களும் உண்டு. ஆர்கானும் கரியமில வாயுவும் காற்றைவிடக் கனமானவை, எல்.பி.ஜி.யும் அப்படியே. கசிந்தால் இவை மேலே போகாமல், அடித்தளத்தில், நாம் குனிந்து வேலை செய்கிற பள்ளத்தில் தேங்கும். எனவே சாப்பாட்டுக்கு வெளியேறும்போது சிலிண்டர் வால்வை மூடினால் மாத்திரம் போதாது. டார்ச்சையும் ஹோஸையும் டேங்கை விட்டே மேலே இழுத்துவிட வேண்டும். புழுக்கம் தாங்காமல் ஆக்ஸிஜன் ஹோஸைத் திறந்துவிட்டுக் காற்று வாங்குவது மகா விபரீதம். பிராணவாயு ஊறிய உடை ஒரு பொறியில் குப்பென்று எரியும். காற்றுக்குப் புளோயர் இருக்கிறது. அதன் குழாய், நாம் வேலை செய்யும் மூலை வரையில் எட்ட வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேங்கினுள் நாற்புறமும் இரும்பு, மேனியெல்லாம் வியர்வை, உட்காருவதும் சாய்வதும் அந்த இரும்பின் மேலேயே. வெளியே சுரீரென்று தட்டிவிட்டுப் போகும் வோல்டேஜ், இந்த நிலையில் உயிரை வாங்கும். உலர்ந்த கையுறை மாற்றுக்கு ஒரு ஜோடி, உட்காரப் பலகை அல்லது ரப்பர் விரிப்பு, உறை கிழியாத ஹோல்டர், வோல்டேஜைக் குறைக்கும் சாதனம் பொருத்திய மிஷின் ஆகிய இந்நான்கும் இல்லாமல் இறங்காதீர்கள்.

3. அளவும் வெட்டும்

எந்தத் தகடு மாற்றப்பட வேண்டும் என்று தீர்மானிப்பது வெல்டரல்ல. அல்ட்ராசானிக் கருவியால் கனம் அளந்து, கப்பல் எந்த வகைப்பாட்டுச் சங்கத்தைச் சேர்ந்ததோ அந்தச் சங்கத்தின் விதிப்படி, இவ்வளவு தேய்மானம் வரையில் பொறுக்கலாம், அதற்கு மேல் ஆகாது என்று பார்த்து, சர்வேயர் சாக்கட்டியால் தகட்டின் மேலேயே கோடு போட்டுவிடுவார். பொறுக்கத்தக்க தேய்மானத்தில் முக்கால் பங்கைத் தாண்டிய தகடு, மாற்றும் நிலைக்கு வராவிட்டாலும், கவலைக்குரியதாகக் குறிக்கப்படும். அத்தகைய தகட்டின் ஓரத்தில் புதுத்தகட்டை வைத்துப் பற்றவைத்தால் பழைய ஓரம் ஓட்டையாகிக்கொண்டே போகும். அந்த அனுபவம் நேர்ந்தால் ஓட்டையை அடைக்கப் பாடுபடாமல் போர்மேனிடம் சொல்லி, கோட்டை நல்ல இரும்பு வரை நகர்த்தச் செய்வதே முறை.

மாற்றுத் தகடு பழையதன் தரத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். சாதாரணக் கப்பல் எஃகு ஏ, பி, டி, ஈ என்று வகைப்படும். உயர்பலம் கொண்டது ஏ.எச். 32, ஏ.எச். 36 என்று குறிக்கப்படும். சாதாரண எஃகின் இளகுநிலை வலிமை 235 மெகாபாஸ்கல், ஏ.எச். 36இன் வலிமை 355. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், துண்டு வெட்டும்போது தரக்குறியும் ஹீட் எண்ணும் மீதித்தகட்டிலும் எழுதப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

உட்பதிக்கும் தகடு 300க்கு 300 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது சர்வதேச வகைப்பாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு வகுத்த தர அளவு. மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும். வளைவின் ஆரம் தகட்டின் கனத்தைப் போல் ஐந்து மடங்கு. கூர்மூலை விட்டால் கப்பல் அலையில் வளைந்து நிமிரும்போதெல்லாம் இழுவிசை முழுவதும் அந்த மூலையில் குவிந்து அங்கே விரிசல் பிறக்கும். பழைய தகட்டின் மேலேயே இன்னொரு தகட்டைப் போர்த்தி ஓரம் மாத்திரம் பற்றவைக்கும் டப்ளர் என்ற உபாயம் தற்காலிகத்துக்கே உரியது. அதை நிரந்தர வைத்தியமாக எந்தச் சர்வேயரும் ஒப்பமாட்டார்.

வெட்டுவதற்கு முன் எடையைக் கணக்கிடுங்கள். 12 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 94 கிலோ. மூன்றுக்கு ஒன்றரை மீட்டர் துண்டு 420 கிலோவுக்கும் அதிகம். முதலில் பேட்-ஐ பற்றவைத்து, செயின் பிளாக்கில் மாட்டி, இழுத்து நிறுத்திய பின்னரே டார்ச் எடுக்க வேண்டும். நான்கு பக்கமும் ஒரே மூச்சில் வெட்டிவிடாமல், ஆங்காங்கே கைப்பிடி அகலம் விட்டுவைத்து, கீழே ஆளில்லை என்று குரல் கொடுத்து உறுதி செய்துகொண்டபின், கடைசியில் அந்த விடுபட்ட இடங்களை அறுப்பதே வழக்கம்.

4. பொருத்துதல்

பேப்ரிகேட்டரின் கௌரவம் வெளிப்படுவது இங்கேதான். நன்றாகப் பொருத்திய தகட்டைச் சுமாரான வெல்டரும் பற்றவைத்துவிடுவார். கோணலாகப் பொருத்தியதை மகா சமர்த்தனாலும் சரிசெய்ய முடியாது. புதுத்தகட்டின் விளிம்பும் பழைய தகட்டின் விளிம்பும் ஏற்ற இறக்கமின்றி ஒரே மட்டத்தில் அமைய வேண்டும். பலத்துக்குரிய பாகங்களில் அனுமதிக்கப்படும் வித்தியாசம் கனத்தில் 0.15 பங்கு, அதாவது 12 மில்லிமீட்டர் தகட்டுக்கு 1.8 மில்லிமீட்டர். நாய்க்கால் என்று சொல்லும் வளைந்த துண்டுகளையும் ஆப்பையும் வைத்துத் தட்டித் தட்டி இதைக் கொண்டுவரலாம்.

ஓரங்களின் இடைவெளி, பின்தாங்கல் இல்லாத கைவேலைக்கு 3 மில்லிமீட்டர் அளவில் இருப்பது உத்தமம், 5ஐத் தாண்டலாகாது. பீங்கான் பட்டையைப் பின்னால் ஒட்டி ஒரே பக்கத்திலிருந்து பற்றவைப்பதானால் சுமார் 6 மில்லிமீட்டர் வேண்டும். இடைவெளி அதிகமாகிவிட்டால் விளிம்பின் மேல் பற்றவைத்து வளர்த்து, கிரைண்டரால் தேய்த்துச் சரிசெய்யலாம். இதற்குப் பதிலாக, பூச்சு தட்டிய ராடையோ கம்பித் துண்டையோ சந்தில் திணித்து அதன்மேல் மூடிவிடும் கெட்ட பழக்கம் ஒன்று சில இடங்களில் உண்டு. மேலே பார்த்தால் அழகான பூ. உள்ளே பிடிப்பே இல்லாத வெற்றிடம். அல்ட்ராசானிக்கில் அகப்பட்டால் வேலை போகும். அகப்படாவிட்டால் அதனினும் கேடு.

5. பற்றவைக்கும் வரிசை

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்குகிறது. நாற்புறமும் பிடிக்கப்பட்ட தகடு, ஈரக்கயிற்றுக் கட்டில் காயக் காய இறுகுவதுபோல், சுருங்க இடமின்றி இறுகி நிற்கும். அந்த இறுக்கம் கட்டுமீறினால் தகடு அலையலையாக நெளியும், அல்லது பற்றவைப்பு வெடிக்கும். இதைத் தவிர்க்கவே வரிசை ஏற்பட்டது. பொதுவாக, கப்பலின் குறுக்குவாக்கில் உள்ள பட் இணைப்புகளை முதலிலும், நெடுக்குவாக்கில் ஓடும் சீம்களைப் பிறகும், பிரேம்களோடு சேரும் பில்லட்டுகளை இறுதியிலும் போடுவர். நீண்ட இணைப்பை நடுவில் தொடங்கி, சிறு சிறு பகுதியாகப் பின்னடைந்து பின்னடைந்து முடிப்பர். யார்டு கொடுத்த வரிசைத் தாளில் வேறு விதமாகக் கண்டிருந்தால் அதுவே பிரமாணம்.

ராடு விஷயத்தில் சோம்பல் கூடாது. 7018 ராடு ஈரம் குடித்தால், அந்த ஈரத்தின் ஹைட்ரஜன் இரும்பினுள் புகுந்து, பற்றவைப்பு ஆறிப் பல மணி நேரம் கழித்துக்கூட வெடிப்பை உண்டாக்கும். சிங்கப்பூரின் மழைக்காற்றில் பிரித்த பெட்டி நாள் முழுதும் கிடந்தால் அது ஈரம் குடிக்காதிருக்க வழியில்லை. 300 முதல் 350 டிகிரி சென்டிகிரேடில் ஒன்றிரண்டு மணி நேரம் அடுப்பிலிட்டு, பிறகு சூடான குவிவரில் வைத்து, அவ்வப்போது வேண்டியதை மட்டும் எடுப்பதே முறை.

எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு வெகு அருகில், கிரைண்டர் போட்ட சுத்தமான இரும்பில் மாட்ட வேண்டும். கப்பல் முழுவதும் இரும்புதானே என்று எங்கோ தொலைவில் மாட்டினால், கரன்ட் தன் இஷ்டப்படி வழி தேடிக்கொண்டு, சில சமயம் புரொபெல்லர் ஷாஃப்டின் பேரிங் வழியாகவும் ஓடி அதைப் பொறிந்த புள்ளிகளாக்கிவிடும்.

ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தில் கௌஜிங் செய்து, நல்ல இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, அதன்மேல் அடைப்பு ரன் போட வேண்டும். கசடும் கருமையும் உள்ள பள்ளத்தில் போட்ட ரன் நாளைக்குத் திரும்பி வரும் வேலை.

6. பரிசோதனை

முதல் பரிசோதகர் நம் கண்ணே. ஓரத்தில் பள்ளம், ஊசித்துளை, ராடு மாற்றிய இடத்தில் குழி, அகற்றிய நாய்க்காலின் வடு ஆகியவற்றைச் சர்வேயர் வருமுன் நாமே பார்த்துச் சீராக்கிவிட்டால் பாதிப் பரிசோதனை தேறியதாகும். பிறகு உட்குறைகளுக்கு அல்ட்ராசானிக் அல்லது எக்ஸ்ரே. நீர்க்கசிவுக்கு டேங்கில் 0.15 பார் அளவு காற்றேற்றிச் சோப்பு நீர் தடவிப் பார்த்தல், அல்லது 2 பார் அழுத்தத்துக்குக் குறையாமல் ஒன்றரை மீட்டர் தூரத்துக்குள்ளிருந்து ஹோஸால் நீர் பாய்ச்சுதல். தேறும் வரையில் இணைப்பின் மேல் பெயின்ட் அடிக்க விடலாகாது; பெயின்ட் சிறு கசிவை மூடி மறைத்துவிட்டால், கப்பல் டாக்கை விட்டுப் போன பிறகுதான் அது தெரியவரும்.

7. அவசரத்துக்குப் பதில்

டாக்கில் கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாளும் கம்பெனிக்குப் பணம். எனவே அவசரப்படுத்துவார்கள். நல்ல மனிதரும், நம் ஊர்க்காரருமான போர்மேனே ஒருநாள் வந்து, “தம்பி, சின்ன டேக்தானே, ரெண்டே நிமிஷம், போட்டுட்டு வந்துடு” என்பார். இதற்குச் சண்டையும் வேண்டாம், மௌனமாகத் தலையாட்டலும் வேண்டாம். “அண்ணே, பின்னாடி என்ன டேங்க்னு தெரியலை. கேஸ் செக் பண்ணச் சொல்லுங்க, வந்த உடனே போட்டுத் தர்றேன்” என்று மரியாதையாகச் சொன்னால், கோபிக்கிறவர் குறைவு; கோபித்தாலும் அந்தச் சொல்லைத் தள்ளிவிட அவருக்கு நியாயம் கிடைக்காது.

காலையில் வாங்கிய பெர்மிட் மாலை வரை செல்லும் என்று நம்பிவிடவும் கூடாது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து திரும்பும்போதும், ஷிப்ட் மாறும்போதும், பக்கத்து டேங்கில் எண்ணெயோ பாலாஸ்ட் நீரோ ஏற்றி இறக்கும்போதும், அருகில் பெயின்ட் வேலை ஆரம்பிக்கும்போதும், புளோயர் நின்றுபோனபோதும் காற்றின் நிலை மாறிவிடுகிறது. அவற்றில் எது நேர்ந்தாலும் வேலையை நிறுத்தி, வெளியே வந்து, மறுபடி அளவெடுக்கச் சொல்லுங்கள். கொழும்பிலோ கொச்சியிலோ வேறெந்தத் துறைமுகத்திலோ வேலை செய்தாலும், சட்டத்தின் வாசகம் வேறுபடலாமேயொழிய, இந்த ஐந்து சந்தர்ப்பங்களும் வேறுபடுவதில்லை.

தகட்டுக்கு மறுபுறம் ஒன்றுதான். குழாய்க்கோ அது வளைந்து வளைந்து சென்று, மூன்று அறைகளுக்கு அப்பால், நாம் காணாத ஒரு டேங்கில் முடிகிறது. இங்கே வைத்த சூடு அங்கே ஆவியை எழுப்பக்கூடும். ஆகையால் குழாயை வெட்டுமுன் பிளைண்ட் தகடு அடித்துப் பிரிப்பதும், வால்வுகளுக்குப் பூட்டிட்டுச் சீட்டுக் கட்டுவதும், உள்ளிருப்பதை வடித்துக் கழுவுவதும் எவ்வாறு என்பதை அடுத்த அத்தியாயத்தில் விவரிப்போம்.